மோதிரத்தின் வெள்ளை எங்கே போனது?

கேள்வி: ஐயா, சென்ற ஆண்டு என் மகளின் நிச்சயதார்த்தத்துக்கு 18 காரட் வெள்ளைத் தங்கத்தில் வைர மோதிரம் வாங்கினோம். ஓராண்டுக்குள் உள்ளங்கைப் பக்கம் மஞ்சளித்துவிட்டது. அந்த விரலில் அவ்வப்போது அரிப்பும் வருகிறது. கடையில் கேட்டால், "ரோடியம் பாலிஷ் போய்விட்டது, திரும்பப் போட 1,500 ரூபாய் ஆகும்" என்கிறார்கள். வாங்கும்போது இதை யாருமே சொல்லவில்லை. நாங்கள் ஏமாற்றப்பட்டோமா? ரோடியம் தங்கத்தைவிட விலை கூடியது என்கிறார்களே, நகையை விற்கும்போது அதற்கும் விலை கிடைக்குமா? சேலத்தில் கொலுசுப் பட்டறை வைத்திருக்கும் என் தம்பி, ரோடியத்தை வாங்கி வைத்தால் நாளைக்குப் பல மடங்காகும் என்கிறான். எங்கள் பழைய காரின் சைலன்சருக்குள்ளும் அது இருக்கிறது என்று பழைய இரும்புக் கடைக்காரர் ஒருவர் விலை பேசுகிறார். இது என்ன உலோகம்? எங்கிருந்து வருகிறது? (ஒரு வாசகி, திருச்செங்கோடு)

பதில்:

அன்புள்ள சகோதரிக்கு,

முதலில் உங்கள் கவலைக்கு வருகிறேன். மோதிரத்தின் உள்பக்கம் ஹால்மார்க் முத்திரையும், 18K750 என்ற எழுத்தும், ஆறு எழுத்து-எண் கொண்ட அடையாளக் குறியீடும் இருக்கின்றனவா என்று பூதக்கண்ணாடி வைத்துப் பாருங்கள். அந்தக் குறியீட்டை இந்தியத் தர நிர்ணய அமைவனத்தின் செயலியில் போட்டால் விவரம் வரும். விவரம் பொருந்தினால் தங்கத்தில் உங்களை யாரும் ஏமாற்றவில்லை. 100 பங்கில் 75 பங்கு தங்கம் அதில் இருக்கிறது. ஆனால் வெள்ளைத் தங்க மோதிரம் என்றால் ஓராண்டிலோ இரண்டு ஆண்டிலோ மேல்பூச்சைப் புதுப்பிக்க வேண்டியிருக்கும் என்பதைச் சொல்லாமல் விற்றார்களே, அது தவறு. இதை நான் அழுத்திச் சொல்கிறேன். செய்கூலி, சேதாரம் என்று ஒவ்வொரு வரியாக எழுதிக் கணக்குக் காட்டுகிற கடைக்காரருக்கு, இந்த ஒரு வரியையும் ரசீதில் எழுத இடம் இருக்கிறது. எழுதினால் விற்பனை கொஞ்சம் தயங்கும் என்பதால்தான் எழுதுவதில்லை.

வெள்ளைத் தங்கம் என்பது தனி உலோகம் அல்ல. தங்கம் இயல்பில் மஞ்சள். அதனுடன் பல்லேடியம், நிக்கல், வெள்ளி, துத்தநாகம் போன்றவற்றில் சிலவற்றைக் கலந்து நிறத்தை வெளுக்கச் செய்கிறார்கள். எவ்வளவு வெளுத்தாலும் 18 காரட்டில் ஒரு மெல்லிய மஞ்சளோ சாம்பலோ மிஞ்சும். அதை மறைத்து, கண்ணாடி போன்ற வெண்மையைத் தருவதற்காகத்தான் கடைசியில் ரோடிய முலாம் பூசுகிறார்கள். கடையின் விளக்கொளியில் உங்கள் மகள் பார்த்து மயங்கிய அந்த வெள்ளை, ரோடியத்தின் வெள்ளை. இப்போது எட்டிப் பார்க்கிற மஞ்சள்தான் தங்கக் கலவையின் சொந்த நிறம். மோதிரம் கெட்டுப்போகவில்லை, மேலே இருந்தது தேய்ந்திருக்கிறது. (யாராவது 22 காரட்டிலேயே வெள்ளைத் தங்கம் என்று காட்டினால் எச்சரிக்கையாக இருங்கள். 916 தங்கத்தில் நிறத்தை மாற்றுவதற்கு மீதி இருப்பது எட்டு சொச்சம் பங்குதான். அதில் நல்ல வெண்மை வராது. வெளியே தெரிவது முழுக்க முலாமாகவே இருக்கும்.)

விற்கும்போது ரோடியத்துக்கு விலை கிடைக்குமா என்ற கேள்விக்கு ஒரு கணக்குப் போட்டுக் காட்டுகிறேன். சாதாரணப் பெண்கள் மோதிரத்தின் மொத்த மேற்பரப்பு, உள்ளும் புறமும் சேர்த்து, சுமார் 6 சதுர சென்டிமீட்டர். முலாமின் கனம் 0.2 மைக்ரான் என்று கொள்வோம். ஒரு மில்லிமீட்டரை 5,000 பங்காக்கினால் அதில் ஒரு பங்கு அது. ரோடியத்தின் அடர்த்தி ஒரு கன சென்டிமீட்டருக்கு 12.4 கிராம். பெருக்கிப் பாருங்கள், மோதிரத்தில் இருக்கும் ரோடியம் ஏறக்குறைய ஒன்றரை மில்லிகிராம். ஒரு கிராம் ரோடியம் 15,000 ரூபாய் என்று வைத்துக்கொண்டால் உங்கள் மோதிரத்தின் மேல் இருந்தது 22 ரூபாய் 50 காசு. அதுவும் இப்போது பாதி தேய்ந்துவிட்டது. நகையை உருக்கி எடுப்பவர் அதைக் கணக்கில் சேர்க்கவே மாட்டார். 'ரோடியம் போட்ட நகை' என்று சொல்லிக் கூடுதல் விலை கேட்பவரிடம் இந்தக் கணக்கைச் சொல்லுங்கள்.

அப்படியானால் 1,500 ரூபாய் எதற்கு? பெரும்பகுதி வேலைக்குத்தான். அந்த வேலையைக் குறைத்து மதிப்பிட வேண்டாம். முதலில் கற்கள் ஆடுகின்றனவா என்று பார்க்க வேண்டும். பிறகு கீறல்களை எடுத்து, பஞ்சுச் சக்கரத்தில் மெருகிட வேண்டும். ரோடியம் கீறலை மூடாது, இருக்கிற கீறலைப் பளிச்சென்று எடுத்துக் காட்டும். மெருகுப் பசை ஓரங்களில் தங்கியிருக்கும் என்பதால் ஒலி அலைத் தொட்டியில் அலசி, நீராவி அடித்து, காரக் கரைசலில் மின்சாரம் கொடுத்து எண்ணெய்ப் பிசுக்கை நீக்கி, நீர்த்த கந்தக அமிலத்தில் ஒரு முக்கு முக்கி, காய்ச்சி வடித்த நீரில் கழுவ வேண்டும். விரல் பட்ட இடம் அப்படியே புள்ளியாகத் தெரியும். அதன் பிறகுதான் ரோடியக் கரைசல். லிட்டருக்கு 2 கிராம் ரோடியம் உள்ள, தேன் நிறத்தில் இருக்கும் அமிலக் கரைசலை இளஞ்சூட்டில் வைத்து, மோதிரத்தைக் கம்பியில் தொங்கவிட்டு, இரண்டு மூன்று வோல்ட் மின்சாரம் கொடுப்பார்கள். மோதிரத்தைச் சுற்றிப் பொடிக் குமிழிகள் எழும். ஒரு நிமிடத்துக்குள் வேலை முடிந்துவிடும். வெளியே எடுக்கும்போது லேசான நீலம் ஓடிய வெள்ளை. குழாய்த் தண்ணீரிலிருந்தும் கழுவாத நகையிலிருந்தும் இரும்போ செம்போ கரைசலுக்குள் போய்விட்டால் அந்த வெள்ளை மங்கி, கறுத்த கோடுகள் விழும். உங்கள் கடையில் போட்டுத் தரும் பூச்சு ஆறு மாதம்கூட நிற்கவில்லை என்றால், முன்னால் செய்ய வேண்டிய இந்தச் சுத்தத்தில்தான் எங்கோ குறை வைத்திருக்கிறார்கள்.

கனமாகப் போட்டுவிட்டால் என்ன என்று கேட்பீர்கள். பலரும் கேட்கிறார்கள். ரோடியம் மிகக் கடினமான உலோகம். மின்முலாமாகப் படியும்போது அந்தப் படலத்துக்குள் ஓர் இறுக்கமும் சேர்ந்தே உருவாகிறது. நகைக்குப் பயன்படும் சாதாரணக் கரைசலில் ஒரு மைக்ரானைத் தாண்டினால் படலம் கண்ணுக்குத் தெரியாத வெடிப்புகளாக விட ஆரம்பிக்கும். மோதிரத்துக்கு அரை மைக்ரான் வரை கேட்டு வாங்குங்கள், அதற்குமேல் வேண்டாம். தோடும் பதக்கமும் எதிலும் உரசுவதில்லை. அவற்றில் இதே பூச்சு பல ஆண்டுகள் நிற்கும். மோதிரம் மட்டும்தான் சாவியிலும் பாத்திரத்திலும் பஸ் கம்பியிலும் உரசிக்கொண்டே இருக்கிறது. அதனால்தான் உள்ளங்கைப் பக்கம் முதலில் மஞ்சளிக்கிறது. பாத்திரம் தேய்க்கும் பொடியும் பிளீச்சிங் பவுடரும் கையாளும்போது மோதிரத்தைக் கழற்றி வைக்கச் சொல்லுங்கள். பொடி பூச்சைத் தேய்க்கும். பிளீச்சிங் பவுடரின் குளோரின் ரோடியத்தை ஒன்றும் செய்யாது, ஆனால் பூச்சு தேய்ந்த இடத்தின் வழியே உள்ளே இருக்கும் கலவையைத் தாக்கும். நிக்கல் கலந்த வெள்ளைத் தங்கத்தில் கல்லைப் பிடித்திருக்கும் மெல்லிய காம்புகள் அதனால் வெடித்து, வைரமே விழுந்துவிடுவதுண்டு.

இனி உங்கள் தம்பிக்கு. அவர் இந்தத் தொழிலிலேயே இருப்பவர் என்பதால் சற்று விரிவாகவே சொல்கிறேன். வெள்ளிக் கொலுசுக்கு ரோடியம் போட்டால் கறுக்காது என்பது உண்மை. காற்றிலும் வியர்வையிலும் இருக்கும் கந்தகம்தான் வெள்ளியைக் கறுக்க வைக்கிறது. ரோடியத்தை அது தொடாது. ஆனால் வெள்ளியின் மேல் நேராக ரோடியத்தைப் போடக் கூடாது. அமிலக் கரைசலில் வெள்ளி சிறிது கரைந்து கரைசலைக் கெடுக்கும். பூச்சின் நுண்துளைகள் வழியே கறுப்பும் சில மாதங்களில் மேலே வந்துவிடும். இடையில் ஓர் அடிப்பூச்சு வேண்டும். நிக்கல் மலிவு, ஆனால் கொலுசு நாள் முழுதும் தோலைத் தொட்டுக்கொண்டிருப்பது, நிக்கல் ஒவ்வாதவர்களுக்குப் புண்ணாகும். பல்லேடியம் போடச் சொல்லுங்கள். செலவு கூடும். குழந்தைகள் காலில் போடுகிற நகைக்கு அந்தச் செலவைச் செய்யத்தான் வேண்டும். இன்னொன்று, ரோடியம் போட்ட கொலுசு அறுந்து பற்றுவைக்க வந்தால், ஊதுகுழல் நெருப்பு பட்ட இடம் கறுத்துப்போகும், அமிலத்தில் போட்டாலும் போகாது. எல்லாப் பற்றும் முடிந்து, கடைசி வேலையாகத்தான் ரோடியம். பூச்சுப் போட்டபின் கழுவும் முதல் தண்ணீரைச் சாக்கடையில் ஊற்றாமல் தனிச் சாடியில் சேர்த்து வைக்கச் சொல்லுங்கள். நகையோடு ஒட்டிக்கொண்டு வரும் கரைசலில் ரோடியம் இருக்கிறது. கரைசலில் குறைகிற நீரை அந்தத் தண்ணீராலேயே ஈடுகட்டலாம்.

'அமிலத்தில் போட்டாலும் போகாது' என்றேன். இந்த உலோகத்தின் குணமே அதுதான். தங்கத்தையும் பிளாட்டினத்தையும் கரைக்கிற ராஜ திராவகம் கட்டி ரோடியத்தை ஒன்றும் செய்வதில்லை. உருக வேண்டுமானால் 1,960 டிகிரி செல்சியஸுக்கு மேல் சூடு வேண்டும், தங்கம் 1,064 டிகிரியிலேயே உருகிவிடும். பிறகு இதை எப்படிக் கண்டுபிடித்தார்கள்? மிகப் பொறுமையாக. லண்டனில் வில்லியம் ஹைட் வோலஸ்டன் என்ற மருத்துவர், மருத்துவத்தை விட்டுவிட்டு, தென் அமெரிக்காவிலிருந்து வந்த பிளாட்டினத் தாதுவைச் சுத்தப்படுத்தி விற்பதில் இறங்கியிருந்தார். பிளாட்டினத்தோடு கலந்திருக்கும்போது ரோடியம் ராஜ திராவகத்தில் சேர்ந்தே கரைந்துவிடும். பிளாட்டினத்தைப் பிரித்து எடுத்தபின் மிஞ்சிய கரைசலை அவர் கொட்டிவிடவில்லை. அதில் முதலில் பல்லேடியம் கிடைத்தது. அடுத்து, ரோஜா நிறத்தில் ஒரு உப்பு படிந்தது. அந்த உப்பிலிருந்து எடுத்த உலோகத்தை 1804-இல் அறிவித்தார். அவருடைய கூட்டாளி ஸ்மித்சன் டெனன்ட், அமிலத்தில் கரையாமல் அடியில் தங்கிய கறுப்புப் பொடியில் இரிடியத்தையும் ஆஸ்மியத்தையும் கண்டார். ஒரே தாதுவின் கழிவிலிருந்து இரண்டு நண்பர்கள் நான்கு தனிமங்களை எடுத்தார்கள். வேதியியல் வரலாற்றில் எனக்கு மிகவும் பிடித்த பகுதி இது. மிச்சத்தைக் கொட்டாதே என்று மாணவர்களுக்குச் சொல்லும்போதெல்லாம் வோலஸ்டனைத்தான் சொல்வேன்.

இன்று உலகத்துக்குக் கிடைக்கும் புது ரோடியத்தில் ஏறக்குறைய ஐந்தில் நான்கு பங்கு தென்னாப்பிரிக்காவிலிருந்து வருகிறது. மீதி ரஷ்யாவின் நோரில்ஸ்க், ஜிம்பாப்வே, கனடாவின் சட்பரி முதலிய இடங்களிலிருந்து. எல்லாம் சேர்த்து ஆண்டுக்கு இருபது, இருபத்தைந்து டன். தங்கம் 3,000 டன்னுக்கு மேல் தோண்டப்படுகிறது. ஓராண்டில் உலகமே எடுக்கும் ரோடியத்தை உருக்கி ஊற்றினால் வீட்டு மொட்டை மாடியில் வைக்கும் 2,000 லிட்டர் தண்ணீர்த் தொட்டி ஒன்றில் அடங்கிவிடும். ரோடியத்துக்கென்று தனிச் சுரங்கம் எங்கும் இல்லை. பிளாட்டினம், பல்லேடியம், நிக்கல் ஆகியவற்றைத் தோண்டும்போது கூட வருவது அது. இதை உங்கள் தம்பி நன்றாக மனதில் வாங்கிக்கொள்ள வேண்டும். ரோடியத்தின் விலை பத்து மடங்கு ஏறினாலும் சுரங்கக்காரர் ரோடியத்தை மட்டும் கூடுதலாக எடுக்க முடியாது. விலை இறங்கினாலும் பிளாட்டினம் எடுக்கும்வரை அதுவும் வந்துகொண்டேதான் இருக்கும்.

தென்னாப்பிரிக்காவில் அது கிடைக்கும் பாறைப் பகுதிக்கு புஷ்வெல்ட் என்று பெயர். சுமார் 205 கோடி ஆண்டுகளுக்கு முன் பூமிக்குள்ளிருந்து எழுந்த பாறைக் குழம்பு அடுக்கடுக்காக உறைந்த இடம். அந்த அடுக்குகளில் இரண்டு முக்கியமானவை. ஒன்று, 1924-இல் ஹன்ஸ் மெரன்ஸ்கி என்ற புவியியலாளர் அடையாளம் கண்டு அவர் பெயராலேயே வழங்கும் மெரன்ஸ்கி படுகை. மற்றது யு.ஜி.2 என்ற குரோமைட் (குரோமியத் தாது) படுகை. ரோடியம் கூடுதலாக இருப்பது இந்த இரண்டாவதில்தான். கூடுதல் என்றால் எவ்வளவு? ஒரு டன் பாறையை உடைத்து, மாவாக அரைத்தால், பிளாட்டினக் குடும்பம் (பிளாட்டினம், பல்லேடியம், ரோடியம் முதலியவை) முழுவதும் சேர்ந்து நான்கைந்து கிராம் தேறும். அதில் ரோடியம் அரை கிராமுக்கும் குறைவு. அரைத்த மாவை நுரை மிதப்பு முறையில் பிரித்து, மின்சார உலையில் உருக்கி, இரும்பும் கந்தகமும் எரிந்துபோகக் காற்றூதி, நிக்கலையும் செம்பையும் நீக்கி, எஞ்சியதை அமிலத்தில் கரைத்து ஒவ்வொரு உலோகமாகப் பிரிக்கிறார்கள். தங்கம், பல்லேடியம், பிளாட்டினம் எல்லாம் வெளியே வந்த பிறகு, கடைசிக் கட்டத்தில்தான் ரோடியம் கைக்கு வரும். பாறை சுரங்கத்தை விட்டு வெளியேறிய நாளிலிருந்து அதற்குப் பல மாதங்கள் ஆகின்றன. அது பளபளக்கும் கட்டியாகவும் வருவதில்லை. பெரும்பாலும் சாம்பல் நிறப் பொடியாகத்தான் விற்கப்படுகிறது.

அந்தப் படுகைகள் பல இடங்களில் ஒரு மீட்டர் கனம்கூட இல்லாதவை. நிலத்துக்கடியில் பல நூறு மீட்டர் ஆழத்தில், நிமிர்ந்து நிற்க முடியாத உயரத்தில், வெக்கையிலும் இரைச்சலிலும் குனிந்தும் உட்கார்ந்தும் பாறையைத் துளைக்கிறார்கள் தொழிலாளர்கள். 2012 ஆகஸ்ட் 16 அன்று ருஸ்டன்பர்க் அருகே மரிகானாவில், மாதம் 12,500 ராண்டு (தென்னாப்பிரிக்க நாணயம்) ஊதியம் கேட்டு வேலைநிறுத்தம் செய்தவர்கள் மீது காவல்துறை சுட்டதில் 34 பேர் இறந்தார்கள். இதை நான் மறப்பதில்லை. நகைக் கடையிலும் கார் விளம்பரத்திலும் ரோடியத்தின் பெயரைச் சொல்பவர்கள் இதையும் ஒரு முறை சொல்லியிருக்கலாம்.

உங்கள் ஊருக்குப் பக்கத்திலும் இந்தக் குடும்பத்தின் தடம் இருக்கிறது. நாமக்கல் மாவட்டம் சித்தம்பூண்டிப் பகுதியில் வெண்ணிற அனார்த்தோசைட் பாறைகளுக்கிடையே குரோமைட் படுகைகள் உண்டு. அவற்றில் பிளாட்டினக் குடும்ப உலோகங்கள் இருப்பதை இந்தியப் புவியியல் ஆய்வுத் துறை கண்டறிந்து ஆராய்ந்திருக்கிறது. நிலவின் மண்ணைப் போன்ற சோதனை மண்ணைத் தயாரிக்க இஸ்ரோ எடுத்துச் சென்றதும் அந்தப் பகுதிப் பாறையைத்தான். ஆனால் ரோடியம் எடுக்கும் சுரங்கம் எதுவும் அங்கே நடக்கவில்லை. நம் நாட்டில் பயன்படும் ரோடியம் இறக்குமதியாகவும் பழைய பொருள்களிலிருந்து மீட்டெடுத்ததாகவும்தான் வருகிறது. சித்தம்பூண்டிப் பெயரைச் சொல்லி யாராவது நிலமோ பங்கோ விற்க வந்தால் வாசலோடு அனுப்பிவிடுங்கள்.

நகை, இந்த உலோகத்தின் பயன்களில் ஒரு சிறு ஓரம்தான். வெட்டியெடுக்கும் ரோடியத்தில் ஐந்தில் நான்கு பங்குக்கு மேல் பெட்ரோல் வாகனங்களின் புகைக்குழாய்க்குப் போகிறது. இயந்திரத்துக்குள் நெருப்பின் சூட்டில் காற்றிலுள்ள நைட்ரஜனும் ஆக்சிஜனும் சேர்ந்து நைட்ரிக் ஆக்சைடு ஆகின்றன. நகரத்துப் புகைமூட்டத்துக்கும் மூச்சிரைப்புக்கும் அது ஒரு முக்கியக் காரணம். அந்த மூலக்கூறு ரோடியத்தின் மேல் வந்து உட்கார்ந்ததும் இரண்டாகப் பிளக்கிறது. நைட்ரஜன் அணுக்கள் இரண்டிரண்டாகச் சேர்ந்து, நாம் சுவாசிக்கும் காற்றிலிருக்கும் அதே நைட்ரஜனாகப் பறந்துவிடுகின்றன. விடுபட்ட ஆக்சிஜனைப் புகையிலிருக்கும் கார்பன் மோனாக்சைடு எடுத்துக்கொண்டு கார்பன் டை ஆக்சைடாகிறது. ஒரு நஞ்சை வைத்து இன்னொரு நஞ்சைத் தீர்க்கிற வேலை. பிளாட்டினமும் பல்லேடியமும் கார்பன் மோனாக்சைடையும் எரியாத பெட்ரோலையும் நன்றாகவே எரிக்கும். நைட்ரிக் ஆக்சைடை உடைப்பதில் ரோடியத்துக்கு நிகராக இன்னும் ஒன்று அமையவில்லை. இவ்வளவுக்கும் ஒரு காருக்கு வேண்டியது ஒரு கிராமில் ஒரு சிறு பகுதிதான்.

சென்னை உட்பட நான்கு பெருநகரங்களில் 1995 ஏப்ரல் முதல் புதிய பெட்ரோல் கார்களில் இந்த உலோகங்களைக் கொண்டு புகையைச் சுத்தப்படுத்தும் வினையூக்கி மாற்றி (கேட்டலிட்டிக் கன்வர்ட்டர்) கட்டாயமாக்கப்பட்டது. அதோடு ஈயம் இல்லாத பெட்ரோலும் வந்தது. ஈயம் பட்டால் வினையூக்கி செத்துப்போகும் என்பதால் இரண்டும் சேர்ந்தே வர வேண்டியிருந்தது. பெட்ரோலில் ஈயம் ஒழிந்ததால் நம் பிள்ளைகளின் இரத்தத்துக்கு எவ்வளவு நன்மை என்று நினைத்துப் பாருங்கள். 2020 ஏப்ரலில் வாகனப் புகைக்கான பாரத் ஸ்டேஜ் 6 விதிகள் நாடு முழுவதும் வந்தபின் வினையூக்கியின் பொறுப்பு இன்னும் கூடியிருக்கிறது.

மற்ற பயன்களை விரைவாகச் சொல்லிவிடுகிறேன். உரத் தொழிற்சாலைகளில் அம்மோனியாவை நைட்ரிக் அமிலமாக்கும் வலை, பிளாட்டினத்தோடு 5 முதல் 10 சதவீதம் ரோடியம் கலந்த மெல்லிய கம்பிகளால் நெய்தது. கண்ணாடி இழை இழுக்கும் தட்டுகளும், எஃகு உலைகளின் வெப்பத்தை அளக்கும் வெப்ப மின்னிரட்டைகளும் இதே கலவைதான். பார்க்கின்சன் நோய்க்கான எல்-டோபா மருந்தை, வலக்கை-இடக்கை போன்ற இரு வடிவங்களில் உடலுக்கு ஏற்ற ஒன்றாக மட்டும் தயாரிக்க, ரோடியச் சேர்மம் ஒன்றைப் பயன்படுத்திக் காட்டினார் வில்லியம் நோல்ஸ். 2001-இல் வேதியியல் நோபல் பரிசைப் பகிர்ந்துகொண்டார். மார்பக எக்ஸ்ரே கருவிகள் பலவற்றிலும் ரோடியம் இருக்கிறது. தங்கத்தின் மாற்றுப் பார்க்க நகைக்கடையில் வைத்திருக்கும் எக்ஸ்ரே கருவிகளிலும் பலவற்றின் குழாய்க்குள் இருப்பது ரோடியம்தான். (அந்தக் கருவியில் உங்கள் மோதிரத்தை வைத்தால் மேல்பூச்சின் ரோடியமும் சேர்ந்து தெரியும், தங்கத்தின் சதவீதம் சற்றுக் குறைத்துக் காட்டலாம். பதற வேண்டாம். பூச்சை ஓரிடத்தில் நீக்கிவிட்டு அளக்கச் சொல்லுங்கள்.)

ரோடியத்தை வாங்கி வைக்கும் யோசனைக்கு என் பதில்: வேண்டாம். 2008 ஜூனில் ஒரு அவுன்ஸ் (சுமார் 31 கிராம்) 10,000 டாலரைத் தொட்டது. தென்னாப்பிரிக்காவில் அந்த ஆண்டு தொடக்கத்தில் மின்சாரம் இல்லாமல் சுரங்கங்கள் நின்றதும் அதற்கு ஒரு காரணம். அதே ஆண்டு முடிவதற்குள், கார் விற்பனை படுத்ததால், ஆயிரம் டாலர் அளவுக்கு வந்துவிட்டது. 2016-இல் அறுநூறு சொச்சம். 2021 மார்ச்சில் 29,000 டாலரையும் தாண்டியது. 2023-இல் நாலாயிரம் டாலர் அளவில் நின்றது. 2021-இல் தங்கக் காசு வாங்குவதுபோல் இதை வாங்கி வைத்த குடும்பத்தின் நிலையை நினைத்துப் பாருங்கள். தங்கத்துக்கு ஊருக்கு ஊர் கடை, தினமும் அறிவிக்கும் விலை, அவசரத்துக்கு அடகு எல்லாம் உண்டு. ரோடியத்துக்கு அப்படிப்பட்ட பொதுச் சந்தையே இல்லை. சில சுத்திகரிப்பு நிறுவனங்களும் வணிகர்களும் தங்களுக்குள் பேசிச் சொல்வதுதான் விலை. வாங்கும்போது ஒரு விலை, விற்கப் போனால் வேறு விலை. சாம்பல் பொடி ஒன்றைக் கொண்டுபோய் சேலத்தில் யாரிடம் உரைத்துக் காட்டுவீர்கள்? உரைகல்லிலோ அமிலச் சோதனையிலோ அதைச் சோதிக்க முடியாது. எல்லாவற்றுக்கும் மேலாக, அதன் தேவையில் பெரும்பங்கு பெட்ரோல் வாகனத்தை நம்பியிருக்கிறது. மின்சாரக் காரில் புகைக்குழாயே கிடையாது. உங்கள் தம்பி பட்டறைக்கு வேண்டிய முலாம் கரைசலை, இரண்டு மாதத் தேவைக்குமேல் சேர்க்காமல், ரோடிய அளவுக்குப் பகுப்பாய்வுச் சான்று வாங்கிக்கொண்டு வாங்கட்டும். அவர் பணம் போட வேண்டிய இடம் அந்த நல்ல பூச்சும் பல்லேடிய அடிப்பூச்சும்தான். சேலத்துக் கொலுசுக்கு இருக்கிற பெயரை அது இன்னும் உயர்த்தும்.

காரைப் பற்றி: ஓடுகிற காரிலிருந்து அந்த மாற்றியைக் கழற்றி விற்காதீர்கள். அது சட்டத்துக்கும் விரோதம், உங்கள் தெருவில் விளையாடும் பிள்ளைகளின் மூச்சுக்கும் விரோதம். புகைச் சோதனையிலும் கார் தேறாது. காரையே கழிப்பதானால், பதிவு பெற்ற வாகனச் சிதைப்பு நிலையத்தில் கொடுத்து, வினையூக்கி மாற்றிக்கு எவ்வளவு மதிப்புப் போட்டார்கள் என்று தனியாகக் கேட்டு வாங்குங்கள். உலகத்துக்குக் கிடைக்கும் ரோடியத்தில் கணிசமான பங்கு இப்படிப் பழைய கார்களிலிருந்துதான் மீள்கிறது. பழைய இரும்புக் கடையில் அதைச் சுத்தியலால் உடைத்து உள்ளே இருக்கும் தேன்கூட்டுப் பீங்கானைக் கொட்டுவார்கள். அந்தத் தூசி நுரையீரலுக்குக் கேடு. உலோகத்தின் ஒரு பகுதியும் மண்ணோடு போகும்.

கடைசியாக மகளின் விரல். அரிப்பு இருக்கிறது என்று நீங்கள் ஒரு வரியில் எழுதியிருந்தாலும் எனக்கு அதுதான் முதலில் கண்ணில் பட்டது. ரோடியம் தேய்ந்த இடத்தில் நிக்கல் தோலைத் தொடுவதாக இருக்கலாம். கடைக்குப் போய், இந்தக் கலவையில் நிக்கலா, பல்லேடியமா என்று கேட்டு, பதிலை ரசீதின் பின்னால் எழுதி வாங்குங்கள். அதுவரை மோதிரத்தைக் கழற்றி வைக்கட்டும். பல்லேடியம் என்றால் 1,500 ரூபாய் கொடுத்துப் பூச்சைப் புதுப்பித்துக்கொள்ளலாம். அரிப்புக்குக் காரணம் சோப்பு ஈரமாகவும் இருக்கக்கூடும். நிக்கல் என்றால், பூச்சு போட்டாலும் தேய்ந்ததும் அரிப்பு திரும்ப வரும். தோல் மருத்துவரிடம் ஒட்டுச் சோதனை செய்து உறுதிப்படுத்திக்கொண்டு, அதே வைரத்தைப் பல்லேடியம் கலந்த 18 காரட்டிலோ, 950 முத்திரை உள்ள பிளாட்டினத்திலோ மாற்றிப் பதிக்கச் சொல்லுங்கள். பழைய மோதிரத்தின் தங்கத்தை எடைக்கு எடை கழித்துக்கொள்ளச் சொல்லிக் கேளுங்கள். வாங்கும்போது சொல்ல வேண்டியதைச் சொல்லாத கடை அது. இந்த முறை செய்கூலியில் விட்டுக்கொடுக்கும்படி நீங்கள் தயங்காமல் கேட்கலாம்.